குலுக்கிய பின் செய்த பிரார்த்தனை

நுண்மைக்குள் நுண்மையாய் ஒளிந்திருந்தும், மலையினும் பெரிதாய் வெளிப்பட்டும், எந்தக் கோலுக்கும் எந்தக் கண்ணாடிக்கும் அளவு கொடாமல் நிற்கின்ற வேலவனே, உன் திருவடி இந்த எழுத்துக்கு முன்னே நிற்கட்டும். கசந்த நெஞ்சோடு எழுதத் தொடங்குகிறேன். கசப்பு இருந்துவிட்டுப் போகட்டும். பொய் மட்டும் கலவாமல் காத்தருள்வாய்.

நண்பா,

இன்று காலை பூசையறையில் கற்பூரம் ஏற்றித் தட்டைக் கையில் எடுத்த வேளையில், கற்பூர மணத்தைத் தள்ளிக்கொண்டு வேறொரு வாடை சன்னல் வழியே உள்ளே வந்தது. எதிர்வீட்டுக்காரர் மிதிவண்டி டியூபுக்குச் சூடு வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கந்தகமும் காய்ந்த ரப்பரும் கலந்த வாடை. குளிர்காலத் தூறலில் நம் தீவின் பீனிக்ஸ் ஊரில் புகை மேலே எழுவதில்லை. தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. தட்டு என் கையில் அசையாது நிற்க, மனம் உன் பரிசோதனை அறைக்குப் போய்விட்டது. இறைவன் திருமுன் நின்றபோது உன் முகம் எனக்குத் தோன்றியது என்பதை நான் மகிழ்ச்சியோடு எழுதவில்லை.

நாடு விடுதலை பெற்றுப் புதிய கொடி ஏறிய சில வாரங்களில் நீ இறந்த செய்தி இங்கிலாந்திலிருந்து வந்தது. உன் மகள் தந்தி அனுப்பியிருந்தாள். கோயில் சபையார் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்: பக்திமான், உழைப்பாளி, இனிய குரலுடையவர். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் அந்த நான்கு வரிக்குள் அடங்காமல் போனதை உனக்கே எழுதுகிறேன். நாம் பேசிக்கொண்டதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். கோயில் வாசலைத் தாண்டிய பிறகே தமிழ் நம் நாவுக்கு வரும். அதிலும் பாதி கிரியோலாக இருக்கும். ஆகவே நம் பேச்சைத் தமிழாக்கியே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உன் நல்ல நாளை எழுதுகிறேன். அதை மறைத்தால் என் கசப்பின் காரணம் விளங்காது.

தோட்டங்களில் வேலை நின்று ஊர்கள் கொதித்துக் கிடந்த முப்பத்தேழாம் ஆண்டு அது. ரிவியேர் டு ராம்பார் ஊரில் உன் தந்தைக்குச் சிறு கரும்பு நிலம் இருந்தது. கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போனால் அவர்கள் தராசு எப்போதும் குறைவாகவே காட்டும். எல்லோருக்கும் தெரியும், எவரும் வாய் திறப்பதில்லை. நானும் மற்றவர்களும் வண்டிகளோடு வரிசையில் நிற்க, நீ கரும்பு வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தராசின் மேல் ஏறி நின்றாய்.

"மிஸ்யே, என் எடை எனக்குத் தெரியும். போன வாரம்தான் கப்பல்துறையில நிறுத்தாங்க. உங்க தராசு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மிஸ்யே, அதாவது ஐயா என்று நீ விளித்த எடைக்காரர் முள்ளைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். நீ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். "ஐயோ! ஒரே வாரத்துல இவ்வளவு இளைச்சிட்டேனா? எங்கம்மா பாத்தா அழுதே செத்துடுவா!"

வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே காவலர்கள் உன்னை அடித்தார்கள். அவர்கள் இழுத்துக்கொண்டு போகையிலும் என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டிய வீட்ல விட்டுடுங்க, தராசு மேல விட்டுடாதீங்க, அதுவும் இளைச்சிடும்" என்று கத்தினாய். அளவில் பொய் சொல்பவனைப் பார்த்தால் உனக்கு உடம்பு எரியும் என்று அன்று நான் தெரிந்துகொண்டேன். அப்படி நம்பியதுதான் பின்னாளில் எனக்கு வந்த துன்பத்தின் வேர்.

போர்க்காலத்தில் நீ படையில் சேர்ந்து எகிப்து வரை போனாய். படையினரின் டயர்களைப் பழுது பார்க்கும் கூடத்தில் ரப்பர் வேலை பழகிக்கொண்டு திரும்பினாய். பீனிக்ஸில் அந்தத் தகரக் கூரைத் தொழிற்சாலை தொடங்கியபோது உனக்குப் பரிசோதனை அறையும், எனக்குக் கிடங்கும் கிடைத்தன. சர்க்கரை ஆலைகளுக்கு வேண்டிய குழாய்களும் பட்டைகளும் அங்கே உருவாயின. என் தம்பி மாணிக்கத்தை நானே அங்கு சேர்த்துவிட்டேன். இரண்டு பெரிய இரும்பு உருளைகளுக்கு நடுவில் ரப்பரைப் போட்டு, அதில் கந்தகத்தையும் நிறமித் தூள்களையும் கலக்கும் வேலை அவனுடையது. வெந்நீரும் ஆவியும் ஓடும் குழாய்களுக்குச் சிவப்பு நிறம். அதற்கு இரும்புத் துருவிலிருந்து செய்த செந்தூள். மாலையில் அவன் வெளியே வரும்போது கண்ணிமை முதல் கால் நகம் வரை சிவந்திருப்பான். வாயிற்காவலர் அவனை "பொனோம் ரூஜ்" என்பார், சிவப்பு மனிதன் என்று. "உங்க தம்பி காவடிக்கு வேற சந்தனம் பூச வேணாம் அண்ணே, அப்படியே கூட்டிட்டுப் போயிடலாம்" என்று நீயும் சேர்ந்து கேலி செய்வாய்.

உன் வேலை அந்தத் தூளின் துகள்களை அளப்பது. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் நான் சிறிது அள்ளி உன் அறைக்குக் கொண்டுவருவேன். நீ கை கழுவி, நெற்றியில் திருநீறு இட்டு, கண்களை மூடி முருகன் பெயரைச் சொல்லுவாய். அதன் பிறகே கண்ணாடிக் குழாயைத் தொடுவாய். மழைநீரைக் காய்ச்சி வடித்த நீர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு துளி சோப்புக் கரைசல். அதில் ஒரு சிட்டிகை செந்தூள். கட்டைவிரலால் குழாயின் வாயை மூடிக் குலுக்குவாய். குலுக்கிய கை ஓய்வதற்குள் மெல்லிய குழலை நடுவில் இறக்கி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியின் கீழ் தள்ளுவாய். அதன் கண்ணுக்குள் மயிரிழை போன்ற கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன. அந்தக் கோடுகளுக்கு இடையில் ஒவ்வொரு துகளையும் நிறுத்தி அதன் அளவைச் சொல்லுவாய்.

"ஏன் இவ்வளவு அவசரம்? தண்ணி ஓடியா போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி ஓடாது அண்ணே, கல்லு ஓடும். பெருசு உடனே அடியில போய் உக்காந்துடும். பொடிசுதான் மேலயே நீந்திக்கிட்டு இருக்கும். கொஞ்சம் தாமதிச்சு மேல இருந்து எடுத்தா எந்தக் குப்பையும் பட்டு மாதிரி தெரியும்." பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "ஆயிரம் துகள் நல்லா இருந்து என்ன? குழாயக் கிழிக்கிறது அந்த ஆயிரம் இல்ல, நடுவுல கிடக்கிற ஒரே ஒரு பெரிய கல்லு. வளையும்போது அங்கதான் வெடிக்கும். என் வேலை நல்லதப் பாக்கிறது இல்ல. அந்த ஒண்ணைத் தேடிப் பிடிக்கிறது."

இறைவழிபாட்டைப் பற்றியே நீ பேசுவதாக எனக்குத் தோன்றிற்று. மனத்தைக் கலக்கிய கணத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். தெளியவிட்டுப் பார்த்தால் எல்லா மனமும் தூய்மையாகத்தான் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை நான் இதைக் கோயிலில் சொல்ல, உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுவாரம் கோயில் திருநீற்றில் ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்து என்னைக் கூப்பிட்டாய். "வாங்க, வந்து பாருங்க. உங்க விபூதி நம்ம செந்தூளை விடக் கரடு. நாளைக்கு முருகன் நெத்தி கீறி ரத்தம் வந்தா சபையிலதான் கேக்கணும்." அன்று முதல் திருநீற்றை மெல்லிய துணியில் இருமுறை சலித்தோம். அவ்வளவு மதிப்பு வைத்திருந்தேன் உன் கண்ணின் மேல்.

பிறகு அந்தப் பீப்பாய்கள் வந்தன.

விடுதலையைப் பற்றிய பேச்சு தெருவெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம். கரும்பு அறுவடை தொடங்கும் முன் குழாய்களை முடித்துக் கொடுக்க நிர்வாகி அவசரப்பட்டார். வழக்கமான இடத்துச் செந்தூள் கப்பலில் தாமதமாக, வேறெங்கிருந்தோ வரவழைத்தார். நான் அள்ளிக் கொண்டுவந்ததை நீ வழக்கம்போல் வழிபட்டு, குலுக்கி, எடுத்து, பார்த்தாய். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டாய்.

"பாருங்க அண்ணே. தூளா இது? ஆத்து மணல்."

பார்த்தேன். சிவப்பு மூடுபனிக்கு நடுவே கூர்மையான கருத்த மணிகள் பாறைகளாகக் கிடந்தன. நீ உடனே நிர்வாகியிடம் போய்ச் சொன்னாய். திரும்பி வந்தபோது உன் முகம் சுருங்கியிருந்தது. "கலக்கச் சொல்லிட்டார். அறுவடை காத்திருக்காதாம்." மாணிக்கம் உருளையருகில் நின்று, "அண்ணே, இன்னிக்கு ரப்பர் நறநறங்குது" என்றான். அவன் அறிந்ததெல்லாம் கலக்கும் கலைதான். ஆகவே வழக்கத்தைவிட நெடுநேரம் கலந்தான். கல்லை எவ்வளவு கலந்தால் என்ன, கல் கல்லாகவே இருக்கும்.

அறுவடையின் நடுவில், செமின் கிரனியே என்னும் ஊருக்கு அருகிலிருந்த ஒரு சர்க்கரை ஆலையில் அந்தக் குழாய் வளைவில் கிழிந்தது. அதன் பக்கத்தில் நின்ற ஃபெர்னான் என்னும் தொழிலாளியின் இரண்டு கால்களும் வெந்துபோயின. கிழிந்த துண்டு திரும்பி வந்தது. கலவை சரியில்லை, கலந்தவன் கவனமில்லாமல் கலந்தான் என்று நிர்வாகி கூறினார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வருவதாயிற்று. மாணிக்கத்தின் வேலையும் பெயரும் அந்த ஒரு காலைப்பொழுதைப் பொறுத்திருந்தன. நான் சற்றும் கலங்கவில்லை. "பயப்படாதே, அவன் அளந்து காட்டுவான்" என்று தம்பிக்குச் சொன்னேன். தராசின் மேல் ஏறி நின்றவனல்லவா நீ!

அந்தக் காலையை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

உன் சிறிய அறைக்குள் அதிகாரியும் நிர்வாகியும் நின்றார்கள். அதே பீப்பாயிலிருந்து, அவர்கள் கண் முன்னே, நானே செந்தூளை அள்ளிக் கொண்டுவந்தேன். மாணிக்கம் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். "மிஸ்யே, தூள் சரியில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அளந்து காட்ட முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நீ நீரை ஊற்றினாய். சோப்புக் கரைசல் இட்டாய். செந்தூளைப் போட்டுக் குலுக்கினாய். கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் நிறுத்தினாய். அதற்குப் பின், திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்தாய்.

குலுக்கிய பிறகு நீ ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. நெற்றியில் நிதானமாக மூன்று கோடுகள் இட்டாய். கைகளைக் குவித்தாய். கண்களை மூடி "முருகா" என்றாய். இன்னொரு முறை "முருகா" என்றாய். உன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அதிகாரி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மரியாதையாகக் காத்து நின்றார். நிர்வாகியும் நின்றார். என் தம்பி வாசலிலிருந்தே கை குவித்தான். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் பெரிய மணிகள் ஒவ்வொன்றாக அடியில் போய் அமர்ந்துகொண்டிருந்ததை அந்த அறையில் நாம் இருவர் மட்டுமே அறிந்திருந்தோம்.

கண்களைத் திறந்து, மேற்பரப்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்தாய். அதிகாரி குனிந்து பார்த்தார். "வெகு நேர்த்தியாக இருக்கிறதே" என்றார்.

"திரும்பக் குலுக்கச் சொல்லுங்க, மிஸ்யே! குலுக்கின உடனே எடுக்கணும். கும்பிட்டுட்டுத்தான் குலுக்குவான், எப்பவும் அப்படித்தான். இன்னிக்கு மாத்திட்டான்!" என்று கத்தினேன்.

"அசே!" என்றார் நிர்வாகி; போதும் என்று பொருள். அதிகாரி குழப்பத்தோடு உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்க்காமல், தகட்டைத் துணியால் துடைத்தபடியே சொன்னாய்:

"இவர் கலக்குறவனுக்குச் சொந்த அண்ணன், மிஸ்யே. தம்பி மேல பாசம்."

என்னை வெளியே அனுப்பினார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது பாசமாகிவிட்டது. நீ பொய்யாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் அளந்தாய், அளந்ததைத்தான் சொன்னாய். பொய் முழுவதையும் இறைவன் பெயருக்குள் வைத்துவிட்டாய். உன்மேல் எனக்குள்ள சினத்தில் பெரும்பகுதி இதுதான். மனிதரை ஏமாற்ற மனிதருக்கு ஆயிரம் வழிகள் உண்டு. நீ அவன் திருப்பெயரைக் கடிகாரமாக்கினாய்.

மாணிக்கத்தை நீக்கினார்கள். மறுவாரமே அந்தப் பீப்பாய்கள் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டன. எங்கே போகின்றன என்று கேட்டேன். நிர்வாகியின் வீட்டுத் தகரக் கூரைக்குப் பூச்சு அடிக்க என்றார்கள். வழக்கமான இடத்துச் செந்தூள் திரும்ப வந்தது. ஒரு குழாயும் பிறகு கிழியவில்லை.

ஞாயிறன்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ முற்றத்து முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டா?" என்றேன்.

"அண்ணே, அந்த ஆலைக்காரங்க நம்ம குழாய நிறுத்திட்டா தொழிற்சாலைய இழுத்து மூடிடுவாங்க. நிர்வாகி வாய்விட்டே சொன்னார். எத்தனை வீட்டு அடுப்பு அணையும் தெரியுமா? ஒரு மாணிக்கத்துக்காக?"

"அவன் ஒரு கல்லா உனக்கு? அடியில போய் உக்காரட்டும்னு விட்டுட்டியா?"

எனக்கு அன்று வேண்டியது ஒன்றே. "சரி. அதிகாரிகிட்ட போக வேணாம். ஊருக்கும் சொல்ல வேணாம். மாணிக்கத்துகிட்ட மட்டும் சொல்லு. தப்பு உன்னுதில்ல தம்பின்னு ஒரு வார்த்தை. அவன் தூங்கட்டும்."

"சொன்னா வாய மூடிக்கிட்டு இருப்பானா அவன்? கொஞ்ச காலம் போகட்டும். சொல்றேன். முருகன் சத்தியமா சொல்றேன்."

அந்தப் பெயரை மறுபடியும் எடுத்தாய். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன்; தெரிந்திருந்தும் பொறுத்திருந்தாய் என்றால் அது இன்னும் கொடிது. உன் அளவையை என் தம்பியே நம்பிவிட்டான். வேலை போனது அவனை இவ்வளவு உருக்கவில்லை. "தூள் நல்லாத்தான் இருந்திருக்கு அண்ணே. நான்தான் சரியாக் கலக்கல. அந்த மனுஷன் கால வேக வச்சது நான்தான்" என்றான். நான் நடந்ததை விளக்கினேன். கண்ணாடிக் குழாயில் மண்ணைப் போட்டுக் குலுக்கிக் காட்டினேன். பெரியது அடியில் போவதை அவன் கண்ணாலேயே பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, அவர் முருகா சொல்லிட்டுத்தானே பாத்தார்? சாமி பேரச் சொல்லிட்டு யாராவது பொய் சொல்வாங்களா? நீங்க என் மேல பாசத்துல பேசுறீங்க."

உன் சொல் அவன் வாயிலிருந்து வந்தது.

அவன் செமின் கிரனியேவுக்கே குடிபோனான். கரும்பு வெட்டினான். ஞாயிறுதோறும் ஃபெர்னானின் வீட்டுத் தோட்டத்தில் மண் கொத்தி, தக்காளியும் கத்தரியும் நட்டுக் கொடுத்தான். ஒருமுறை நானும் போயிருந்தேன். ஃபெர்னான் வாசலில் நாற்காலி போட்டுக் கட்டுப் போட்ட கால்களை நீட்டி அமர்ந்திருந்தார். "உன் தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, மிஸ்யே" என்று என்னிடம் கெஞ்சுவதுபோல் சொன்னார். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். இவன் விட மாட்டேங்கிறான். என் கத்தரிக்காய்க்கு என்னவிட இவன்தான் ஜாஸ்தி அழுறான்." மாணிக்கம் தலை நிமிராமல் கொத்திக்கொண்டே இருந்தான். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதை வாங்கிக்கொள்ள ஒருவனுக்கு இடமிருப்பதில்லை என்பதை அந்த வெயிலில் நின்று கண்டேன்.

விடுதலை வந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சிப் பலரும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். உனக்கு அந்த அச்சம் கிடையாது என்பதை நான் அறிவேன். நிர்வாகியின் பரிந்துரையால் இங்கிலாந்தில் இதே வேலை கிடைத்தது. துறைமுகத்துக்கு வந்தேன், வழியனுப்ப அல்ல, அந்த ஒரு வார்த்தையைக் கேட்க. மாணிக்கமும் வந்திருந்தான், உனக்கென்று வாழையிலையில் எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொண்டு. நீ அவனைத் தழுவிக்கொண்டாய். உன் வாய் திறந்தது.

"உடம்பப் பாத்துக்க தம்பி" என்றாய்.

அவ்வளவே. பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அங்கிருந்து வாழ்த்து அட்டை வந்தது. பனியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி எழுதினாய். நான் எழுதிய ஒவ்வொரு பதிலிலும் அந்த ஒரு வார்த்தையையே கேட்டேன். நீ பனியைப் பற்றியே எழுதினாய். ஆண்டுதோறும் தைப்பூசத்தில் என் தம்பி காவடி எடுக்கிறான். நாவில் வேல் குத்திக்கொள்கிறான். மற்றவர் பிள்ளை வேண்டியும் நோய் தீரவும் எடுக்கிறார்கள்; அவன் ஃபெர்னானின் கால்களுக்காக எடுக்கிறான். அவனுக்கு வயதாகிவிட்டது. மலையேறும் வழியில் முழங்கால் நடுங்குகிறது.

தந்தி வந்த அன்று மாணிக்கம் செமின் கிரனியேவிலிருந்து பேருந்தேறி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "அண்ணே, அவருக்கு இங்க யாரு இருக்கா? நாமதான் செய்யணும். கோயில்ல மோட்ச விளக்கு ஏத்தலாம். நீங்க பதிகம் ஓதணும். உங்க குரல்னா அவருக்கு உசிரு."

ஓத மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் பாசம் என்பான். ஆகவே போனேன். விளக்குக்கு நெய் வார்த்தவன் அவன்; திரி இட்டவன் அவன்; உன் பெயரைச் சொல்லி விழுந்து வணங்கியவனும் அவன். நான் ஓதினேன். ஐம்பதாண்டுப் பழக்கத்தில் நாவு தவறவில்லை, பண்ணும் பிசகவில்லை. சபையார் கண்ணீர் விட்டார்கள். வெளியே வந்து என் தம்பி சொன்னான்: "நல்ல மனுஷன் அண்ணே. எனக்கு வேல போன அன்னிக்குக்கூட எனக்காகக் கும்பிட்டார்."

அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நீண்ட பிரார்த்தனை தனக்காகச் செய்யப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத எனக்கு ஆசையுண்டு. வயதும் வழிபாடும் அதைக் கேட்கின்றன. ஆயினும் அந்த மன்னிப்பு என் கையில் இல்லை. அது மாணிக்கத்தின் கையில் இருக்கிறது. உன்மேல் குற்றமிருப்பதையே நம்பாதவன் எதை மன்னிப்பான்? அவனை விடுவிக்கும் ஒரு சொல் உலகில் ஒரு நாவில் மட்டுமே இருந்தது. அதையும் குளிர் நாட்டு மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டாய். இனி நான் செய்யக்கூடியது அவன் பக்கத்தில் நடப்பது. காவடி சாயும்போது தோள் கொடுக்கிறேன். வழியில் நின்றால் தண்ணீர் தருகிறேன். அவன் ஃபெர்னானுக்காக வேண்டிக்கொள்கையில் நான் அவனுக்காக வேண்டிக்கொள்கிறேன். உனக்காக இன்னும் வேண்டிக்கொள்ள முடியவில்லை. முடிகிற நாள் வருமானால், அதை இறைவன் தந்ததாக எடுத்துக்கொள்வேன். உனக்கு அதில் பங்கில்லை.

இம்மடல் எவர் கைக்கேனும் எட்டி, இதை வாசித்திருப்பீர்களானால், உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் வேலவன் துணை நிற்பானாக. உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நீடு வாழட்டும். உங்கள் இல்லத்தில் எவரும் தாம் செய்யாத பிழையைத் தோளில் ஏற்றி நடவாதிருக்கட்டும். அவ்வாறு நடப்பவர் எவரேனும் இருந்தால், அந்தச் சுமையை இறக்கி வைக்கும் சொல்லை அறிந்தவர் இன்றே, மூச்சு இருக்கும்போதே, அதைச் சொல்லிவிடும் தைரியத்தை முருகன் அவருக்கு அருளட்டும்.